கேட்கப்படாதவர்களின் அறிவு

வைத்தியசாலைக்குக் கணனி வருவது தீமை என்று நான் சொல்லவில்லை. வைத்தியரின் கையெழுத்து விளங்காமல் பாமசியில் உள்ளவர் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதும், தொலைந்துபோன ஓர் அறிக்கைக்காக ஏழை நோயாளி மீண்டும் இரத்தம் கொடுப்பதும் ஒழிய வேண்டியவைதான். எனது கேள்வி வேறு. ஒரு கருவியைக் கொண்டுவருகின்றவர், அதனோடு நாள் முழுக்க மாரடிக்கப் போகின்றவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கொண்டுவருவது வெறும் நிர்வாகக் குறைபாடா, அல்லது அநீதியா?

அநீதி என்பதே எனது அபிப்பிராயம். அதற்கு இலண்டனில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும்.

இலண்டன் அம்புலன்ஸ் சேவையின் கட்டுப்பாட்டறை முன்னர் கடதாசியில்தான் இயங்கியது. தொலைபேசியை எடுப்பவர் விபரத்தைப் படிவத்தில் எழுதுவார். இடத்தை வரைபடப் புத்தகத்தில் தேடிக் குறிப்பார். படிவம் ஓடும் பட்டியில் ஏறி இன்னொருவரிடம் போய்ச் சேரும். அவர் அதைப் படித்து, நகரின் எந்தப் பகுதிக்குரியது என்று பிரித்துக் கொடுப்பார். ஒரே விபத்தைப் பற்றி நான்கு பேர் அழைத்திருந்தால், அந்த நான்கும் ஒன்றுதான் என்று பிடித்துக்கொள்வதும் அவரது கண்தான். மெதுவான முறை, பிழைகளும் இருந்தன. ஆனால் அந்தக் கண்ணில் இருந்தது அறிவு. அதை எவரும் அறிவென்று கணக்கிலெடுக்கவில்லை.

1992 ஒக்டோபர் 26ஆம் திகதி, முழு நகரத்துக்குமான பொறுப்பு கணனியிடம் போனது. கடதாசி அகற்றப்பட்டது. அறையின் இருக்கைகளைக்கூட மாற்றிப் போட்டார்கள். பக்கத்திலிருந்து ஒருவரையொருவர் கேட்டுச் சிக்கல் தீர்த்தவர்கள் பிரிந்துபோனார்கள். வண்டி எங்கே நிற்கின்றது, என்ன செய்கின்றது என்று எந்நேரமும் பிழையின்றித் தெரிந்தால்தான் அந்தக் கணனியால் சரியாக முடிவெடுக்க முடியும். வண்டியிலுள்ளவர் ஒரு பொத்தானை மாறி அழுத்தினாலும், செய்தி வழியில் தொலைந்தாலும் கணக்குப் பிழைத்தது. ஓரிடத்துக்கு இரண்டு வண்டிகள் போயின. இன்னோரிடத்தில் காத்திருந்தவர்கள் மீண்டும் மீண்டும் அழைத்தார்கள். அழைப்புக் கூடக் கூட எச்சரிக்கைச் செய்திகள் திரையை நிறைத்து, வாசிக்க முன்னரே மேலே ஓடி மறைந்தன. மறுநாளே பாதி வேலையைக் கைக்குத் திருப்பினார்கள். நவம்பர் 4ஆம் திகதி அதிகாலையில் கணனி முற்றாக நின்றது.

1993 பெப்ரவரியில் வெளிவந்த விசாரணை அறிக்கை மென்பொருளின் குறைகளைச் சொன்னதோடு நிற்கவில்லை. பயிற்சி போதாது, ஊழியருக்கு அதில் நம்பிக்கையில்லை, ஊழியரின் வேலைப் பழக்கங்களைக் கணனி தானாகவே திருத்திவிடும் என்று நிர்வாகம் எண்ணியது என்றும் சொன்னது. இந்த எண்ணத்தைத்தான் நான் அநீதி என்கின்றேன். மனிதரோடு பேசித் தீர்க்க வேண்டியதைப் பேசாமல், ஓர் இயந்திரத்தை அனுப்பி அடக்கப் பார்ப்பது. அதன் விலையைக் கொடுத்தவர்களோ நிர்வாகமும் அல்ல, ஊழியரும் அல்ல. அம்புலன்சுக்காக வாசலில் காத்து நின்றவர்கள்.

கதை அங்கு முடியவில்லை. 1996இல் அதே சேவை மீண்டும் கணனிக்கு மாறியது, இம்முறை தாக்குப்பிடித்தது. ஊழியரைக் கேட்டு அமைத்தார்கள். அழைப்பை ஏற்றுப் பதிவதை முதலில் கணனிக்குக் கொடுத்து, அது பழகிய பின்னரே அடுத்ததற்குப் போனார்கள். தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போ என்று ஆசிரிய கலாசாலையில் எமக்குச் சொல்லித் தந்தது இதைத்தான். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக் காட்டும் இந்த மரியாதையை இருபது வருடம் வேலை செய்த தாதிக்குக் காட்ட ஏனோ மறந்துவிடுகின்றோம். அவர் தயங்கினால் அதற்கு 'மாற்றத்துக்கு எதிர்ப்பு' என்று பெயர் வைக்கின்றோம். (எமது செயலமர்வுகளிலும் இச்சொல் தாராளமாகப் புழங்கும். தேநீர் இடைவேளைக்கு மட்டும் எதிர்ப்பில்லை.)

எல்லா எதிர்ப்பும் நியாயமானதல்ல. மருந்தின் இருப்பைக் கணனி காட்டிக்கொடுக்கும் என்று அஞ்சுகின்றவரும் இருக்கலாம். ஆயினும் அஞ்சுகின்றவர் யார், அறிந்து தயங்குகின்றவர் யார் என்பது கேட்டால் அன்றித் தெரியப் போவதில்லை.

இனி, யாருமே கேட்க நினைக்காத ஒருவர் இருக்கின்றார்: நோயாளி. எமது அரச வைத்தியசாலைகளில் கிளினிக் கொப்பி நோயாளியிடமே இருக்கும். பிரஷர், சீனி என்று மாதாமாதம் போகும் எனது மாமி அதனைப் பொலித்தீன் பையில் சுற்றி அலுமாரியில் வைத்திருக்கின்றார். ஆங்கில எழுத்து அவருக்குத் தெரியாது. பேரப்பிள்ளை இலக்கங்களை வாசித்து, போன மாதத்தை விடக் கூடவா குறைவா என்று சொல்லுவான். கொப்பிக்குப் பதில் எல்லாம் கணனியில் வருமாம் என்று சொன்னேன். "அப்ப என்ட வருத்தத்த நான் எங்க பாக்கிற மகன்?" என்று கேட்டார். அதற்குரிய மறுமொழி இன்னும் என்னிடம் இல்லை. திரை வைத்தியசாலையின் பக்கம் திரும்பியிருக்கின்றது. மாமி அதன் முதுகைத்தான் பார்ப்பார்.

இன்னொன்று. நான் அறிந்த ஒரு வைத்தியசாலையில் பதிவுக் கவுண்டரில் பெயர், வயது, வருத்தம் எல்லாவற்றையும் கேட்டுத்தான் தட்டுகின்றார்கள். கேட்பவர் உரக்கக் கேட்கின்றார். சொல்ல வேண்டியவள் ஊரில் எல்லோரும் அறிந்த ஒரு வீட்டின் இளம் பெண். பின்னால் வரிசையில் அடுத்த வீட்டு ராத்தா நிற்கின்றார். நோயாளி சொல்லும் விடயம் அமானிதம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சுகாதாரத் தகவலை விசேட கவனத்துக்குரியதாக வகுக்கின்றது. கணனிக்குள் போன பின்னர் அதற்குக் கடவுச்சொல் இருக்கின்றது. போக முன்னர், அந்த மூன்றடி தூரத்தில், எந்தக் காவலும் இல்லை.

தரையில் ஒரு கோடு கீறி, அடுத்தவரை அதற்கு அப்பால் நிற்க வைக்கலாம். கணனியில் பதிந்ததை ஒரு துண்டில் அச்சடித்து மாமியின் கொப்பியில் ஒட்டிக் கொடுக்கலாம். இவை எதற்கும் பெரிய செலவில்லை. கணனியைப் பூட்ட வருகின்றவர் முதல் நாள் அந்த வரிசையில் ஒரு மணித்தியாலம் நின்று பார்த்தால் போதும்.