மூப்பு என்று கைவிடுதல் தகுமா?



சென்ற மழைக்காலத்தில், காட்கோபர் குன்றுச் சரிவில் வாழும் நம் உபாசிகை ஒருவர், 76 வயதினர், தண்ணீர்க் குழாயடியில் வழுக்கி விழுந்தார். பின்மண்டை கல்லில் மோதியது. புடைப்பும் இல்லை, இரத்தமும் இல்லை. எழுந்து, குடத்தை நிரப்பிக்கொண்டு, படியேறி வீடு சேர்ந்தார். அன்றிரவே அதனை எல்லோரும் மறந்தனர்.

ஆறு வாரங்கள் சென்றன. அம்மையார் இடக்காலை இழுத்து நடந்தார். உண்டதை மறந்து மீண்டும் உணவு கேட்டார். பகலெல்லாம் உறங்கினார். அவருடைய மருமகள் நம்மிடம் வந்து, "ஐயா, அத்தைக்கு என்னவோ ஆகிவிட்டது, வந்து பாருங்கள்" என்றார். சென்று பார்த்த நாம் என்ன சொன்னோம்? "அம்மா, இது மூப்பு, சரீரம் அநித்தியம், மனத்தைத் தேற்றிக்கொள்ளுங்கள்" என்று சொல்லித் திரிசரணம் ஓதினோம். பகவன் புத்தர் எண்பதாம் வயதில் தம் உடலை, வார்களால் கட்டி ஓட்டப்படும் பழைய வண்டிக்கு ஒப்பிட்டதையும் விரித்துரைத்தோம். கேட்டவர் கண் கலங்கினர். நன்றாகப் பேசினோம் என்ற திருப்தியோடு வீடு திரும்பினோம். அத்திருப்தியை நினைக்க இன்று வெட்கமாயிருக்கிறது.

ஐந்தாம் நாள் காலையில் அவரை எழுப்பியும் கண் திறக்கவில்லை. பேரன் அநித்தியத்தைப் பற்றி ஒன்றும் யோசியாமல், அவரை முதுகில் சுமந்து படியிறங்கி, ஆட்டோவில் ஏற்றி, மாநகராட்சி மருத்துவமனை ஒன்றிற்குக் கொண்டுசென்றான். ஸ்கேன் படத்தில் மண்டையோட்டின் உட்புறம் ஒரு பிறைபோலப் பழைய இரத்தம் தேங்கி, மூளையை ஒரு பக்கமாய் நெருக்கிக்கொண்டிருந்தது. சப்டூரல் ஹெமடோமா என்றார் வைத்தியர்.

இஃது எவ்வாறு நேர்கிறது? நாம் ஆலையில் தறியருகே நின்ற காலத்தில் கண்டதைக் கொண்டே சொல்லுகிறோம். பாவு இழை அளவுக்கு மீறி இறுகியிருந்தால் சிறிய அதிர்ச்சியிலும் அறுந்துபோகும். முதுமையில் மூளை சற்றே சுருங்குகிறது. மூளைக்கும் அதன்மேலுள்ள தடித்த உறைக்கும் இடையே செல்லும் சிறு இரத்தக்குழாய்கள் அதனால் இழுபட்டு நிற்கின்றன. இலேசான அடியிலும் ஒன்று கிழிந்து, இரத்தம் துளித்துளியாய்க் கசிகிறது. கசிந்த இரத்தத்தைச் சுற்றி மெல்லிய சவ்வு உண்டாகி, அச்சவ்விலுள்ள நொய்ந்த குழாய்களும் கசிகின்றன. வாரங்கள் சென்றபின்பே தலைவலி, தள்ளாட்டம், மறதி, ஒரு பக்கத்துத் தளர்ச்சி, ஓயாத உறக்கம் ஆகியவை தோன்றுகின்றன. இருதய நோய்க்காக ஆஸ்பிரின் முதலிய, இரத்தம் உறையாதிருக்கச் செய்யும் மருந்துகளை உண்போர்க்கும், மதுவுக்கு அடிமையானோர்க்கும் இந்த அபாயம் அதிகம். பார்ப்பவர் கண்ணுக்கு எல்லாம் மூப்பாகவே தோன்றும். நமக்கும் அப்படித்தான் தோன்றியது.

மருத்துவமனை வராந்தாவில் மூத்த மகன் ஒரு கேள்வி எழுப்பினார்: "இந்த வயதில் மண்டையைத் துளைப்பதா? நிம்மதியாகப் போகட்டுமே." அவரைக் குறைகூற நமக்கு வாயில்லை. நாம் போதித்ததையே அவர் திருப்பிச் சொன்னார். அமெரிக்க நாட்டின் முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டர் 2019 நவம்பரில், 95 வயதில், கீழே விழுந்ததனால் உண்டான இதே இரத்தக் கட்டிற்காக ரண சிகிச்சை செய்துகொண்டார். அதன்பின் ஐந்தாண்டுகள் வாழ்ந்து, 100 வயது நிறைந்தபின் 2024 டிசம்பரில் மறைந்தார். பிரேசில் அதிபர் லூலா 2024 அக்டோபரில் குளியலறையில் விழுந்தார். டிசம்பரில் தலைவலி மிக, 79 வயதில் ரண சிகிச்சை பெற்று, மீண்டும் அரசுப் பணிக்குத் திரும்பினார். ஆயினும் மறுபக்கத்தை மறைத்தல் பொய்யாகும். நம் முன்னாள் குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி 2020 ஆகஸ்டு 10இல் மூளையிலிருந்த இரத்தக் கட்டி நீக்கப்பெற்றும், கொரோனாத் தொற்றும் உடனிருக்க, நினைவு திரும்பாமலே அம்மாதம் 31இல், 84 வயதில் காலமானார். வைத்தியரும் உறுதி ஒன்றும் தரவில்லை. "செய்யாவிட்டால் பிழைப்பது அரிது, செய்தால் வழியுண்டு" என்று மட்டும் சொன்னார். மகன் கையொப்பமிட்டார்.

இரண்டு சிறு துளைகளிட்டு, கருத்துப்போன இரத்தத்தை வெளியேற்றிக் கழுவி, ஒரு மெல்லிய வடிகுழாயை வைத்தனர். குழாய் எதற்கு என்று நாம் கேட்டறிந்தோம். 2009இல் இங்கிலாந்து வைத்தியர்கள் 215 நோயாளிகளைக் கொண்டு ஆராய்ந்து வெளியிட்டதில், குழாய் வைக்கப்பெற்றோரில் நூற்றுக்கு ஏறக்குறைய 9 பேருக்கும், வைக்கப்பெறாதோரில் 24 பேருக்கும் இரத்தம் மீண்டும் தேங்கிச் சிகிச்சை தேவைப்பட்டது. ஆகவே ஒருமுறை நீக்கியதோடு தீர்ந்ததென்று இருத்தலாகாது.

மண்டையைத் திறத்தல் நம் நூல்களுக்குப் புதிதன்று. விநய பிடகத்தின் மகாவக்கத்தில் சீவகர் என்னும் வைத்தியரின் சரிதம் வருகிறது. இராசகிருகத்துச் செட்டி ஒருவர் ஏழாண்டுகள் தலைநோயால் வருந்தினார். ஐந்தாம் நாள் இறப்பார் என்று சில வைத்தியரும், ஏழாம் நாள் என்று சிலரும் கைவிட்டனர். சீவகர் அவரைக் கட்டிலில் கட்டி, தலைத்தோலை அறுத்து, மண்டையோட்டின் பொருத்தைத் திறந்து, இரண்டு புழுக்களை எடுத்துக் காட்டித் தைத்தார். புழுக்கதையை இன்றைய வைத்தியர் ஒப்புவரோ என்னும் வழக்கு நமக்கு வேண்டாம். பின்பு நடந்ததைப் பாருங்கள். ஒரு பக்கம் ஏழு மாதம், மறுபக்கம் ஏழு மாதம், மல்லாந்து ஏழு மாதம் படுத்திருக்கச் செட்டியார் முன்பே வாக்களித்திருந்தார். ஆனால் ஒவ்வொரு பக்கத்திலும் ஏழு நாளைக்குமேல் அவரால் பொறுக்க இயலவில்லை. சீவகரோ, "மூவேழு நாளில் குணமாகும் என்று அறிவேன், மாதக்கணக்கில் சொல்லாவிடில் நீர் இத்தனை நாளும் படுத்திரீர்" என்ற கருத்தில் விடை சொல்லி அவரை எழுப்பினார்! நோயை அறிந்ததோடு நோயாளியின் மனத்தையும் அறிந்த வைத்தியர் அவர்.

இக்கால வைத்தியரோ, நெடுநாள் கிடக்க விடுவதில்லை. கிடந்தால் முதியோர்க்கு நெஞ்சில் சளி கட்டும், காலில் இரத்தம் உறையும், முதுகில் புண் வரும். நம் அம்மையாரையும் குழாய் எடுத்தபின் பிடித்து உட்கார வைத்தனர். இடக்கால் சில நாட்களிலேயே அசைந்தது. மனந்தான் தாமதித்தது. இரவானால், தாம் எங்கிருக்கிறோம் என்று அறியாமல் எழுந்தோடப் பார்ப்பார். இறந்துபோன கணவரை அழைப்பார். மருமகளைத் திருடி என்பார். முதியோர்க்கு ரண சிகிச்சைக்குப்பின் இத்தகைய மயக்கம் வருதலுண்டென்றும், பெரும்பாலும் தணியுமென்றும் வைத்தியர் சொல்லியிருந்தார். ஆயினும், திருடி என்று கேட்டுக்கொண்டே மலம் துடைத்தவர் அந்த மருமகள்தான். பகலில் வீட்டுவேலைக்குப் போய், இரவில் கட்டிலடியில் உட்கார்ந்திருந்தார்.

பகவன் வயிற்றுப்போக்கால் தன் மலத்திலேயே கிடந்த பிக்கு ஒருவரை, ஆனந்தருடன் சேர்ந்து கழுவித் தூக்கிக் கட்டிலில் கிடத்தினார் என்பதை நாம் பலமுறை பேசியிருக்கிறோம். நோயாளிக்குப் பணி செய்பவர் மருந்தறிய வேண்டும், ஆவதும் ஆகாததும் அறிய வேண்டும், ஆதாயத்துக்காகவன்றி அன்பினால் செய்ய வேண்டும், மலசலத்தை அருவருக்கலாகாது என்று அவ்விடத்திலேயே கூறப்பட்டிருக்கிறது. நோயாளி தன் நோயின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் உள்ளபடி சொல்ல வேண்டுமென்றும் உள்ளது. தலையில் இரத்தம் தேங்கியவர் அதனை எவ்வாறு சொல்லுவார்? அவருக்காக உடனிருப்பவரே கவனித்துச் சொல்ல வேண்டும்: தலைவலி திரும்பியதா, நேற்றைவிட உறக்கம் மிகுந்ததா, கைப்பிடி தளர்ந்ததா, வலிப்பு வந்ததா என்று. நிறுத்திய ஆஸ்பிரினை வைத்தியர் சொல்லாமல் மீண்டும் கொடுத்தலும் ஆகாது.

மூன்றாம் வாரத்தில் அம்மையார்க்கு உறக்கம் மீண்டும் மிகுந்தது. மருமகள் நம்மிடம் வந்து கேட்கவில்லை. நேரே மருத்துவமனைக்குப் போனார். சிறிதளவே தேங்கியிருந்தது, துளையிடாமலே கவனித்துவந்து, அது மெல்லக் கரைந்தது. நான்கு மாதங்களாயின. கோலூன்றி நடக்கிறார். சில பெயர்கள் இன்னும் அகப்படுவதில்லை. மருமகளின் பெயர் அகப்படுகிறது.

நாம் அன்று சொன்னதற்காக அவ்வீட்டாரிடம் மன்னிப்புக் கேட்டோம். மூத்த மகன் ஒன்றும் சொல்லாமல் தேநீர் கொடுத்தார். குழாயடிப் படியில் கைப்பிடியாக இரும்புக்குழாய் ஒன்று பொருத்த அத்தெருவினர் பணம் சேர்க்கிறார்கள். வெல்டிங் அறிந்த அன்பர்கள் வரும் ஞாயிறு காலையில் அங்கே வந்து உதவக் கோருகிறோம்.