நிற்கத் தெரிந்த சக்கரம்

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் கார் வைத்திருப்போர்க்கு, ஐப்பசி பிறந்து மேப்பிள் மரங்கள் இலையுதிர்த்து நிற்கும் நாட்களில், ஆண்டுதோறும் ஒரு யோசனை தவறாமல் வந்து சேர்கிறது. குளிர்காலத்துக்கென்றே செய்யப்பட்ட விண்டர் டயர்களை மாட்டி, வசந்தம் வந்ததும் அவற்றைக் கழற்றி வைப்பதா, அல்லது பன்னிரண்டு மாதமும் கழற்றாமல் ஓடக்கூடிய ஆல்-வெதர் டயர்களை வாங்கிவிட்டு நிம்மதியாக இருந்துவிடுவதா என்பதே அது. பணத்தையும் சௌகரியத்தையும் பொறுத்த விஷயமாகவே பலரும் இதைக் கருதுகிறார்கள். நானும் நெடுநாள் அவ்வாறே கருதியிருந்தேன். இது தர்மத்தைப் பற்றிய கேள்வி என்று எனக்கு உணர்த்தியது ஒரு தை மாதத்துக் காலைப்பொழுது.

முதல்நாள் வெயிலில் உருகிய பனி இரவில் மீண்டும் உறைந்து, தெருவெல்லாம் கண்ணாடி பதித்தாற்போல் கிடந்தது. குளிர் கடுமையானதன்று, உறைநிலைக்குச் சற்றே கீழேதான். அத்தகைய நாளில்தான் பனிக்கட்டியின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நீர்ப்படலம் நின்று, கடுங்குளிர் நாட்களைக் காட்டிலும் அதிகமாக வழுக்கும். நாற்சந்தியில், நில் என்று பொருள்படும் 'அரே' என்ற பிரெஞ்சுச் சொல் எழுதிய சிவப்புப் பலகையைக் கண்டு பிரேக்கை மிதித்தேன். சக்கரங்கள் பூட்டிக்கொள்ளாதபடி காக்கும் சாதனம் வேலைசெய்ததால் பாதத்தின் கீழ் பிரேக் தடதடவென்று அதிர்ந்தது. ஆயினும் கார் நிற்கவில்லை. பலகையைக் கடந்து, வெள்ளைக் கோட்டையும் கடந்து, ஓர் ஆள் நீளம் சென்ற பின்னரே நின்றது. கையில் பையோடு தெருவில் இறங்கிய ஒரு மூதாட்டி, எடுத்துவைத்த காலைப் பின்னுக்கிழுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். அவர் என்னை வைதிருந்தால் அன்றே மறந்திருப்பேன். அவர் கண்ணில் இருந்த அச்சத்தை இன்றுவரை மறக்க இயலவில்லை.

டயர் விஷயத்தில் சட்டத்தின் முன் நான் நிரபராதி. டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்காலத்துக்குத் தகுந்த டயர் இன்றி அம்மாகாணத்தில் கார் ஓட்டலாகாது. அத்தகுதிக்கு அடையாளமாக டயரின் பக்கத்தில் மூன்று சிகரங்களையுடைய மலையும் அதனுள் ஒரு பனித்துகளும் பொறிக்கப்பட்டிருக்கும். என் ஆல்-வெதர் டயர்களிலும் அந்தச் சின்னம் இருந்தது. ஆனால் வட அமெரிக்காவில் அச்சின்னத்தை வழங்குவதற்கு அளக்கப்படுவது யாது என்று பின்னர் அறிந்தபோது திகைத்துப்போனேன். இறுகிய பனிமீது வண்டி முன்னோக்கிப் பாயும்போது டயர் எவ்வளவு பற்றிப்பிடிக்கிறது என்பதை, அளவுகோலாக வைத்த மற்றொரு டயரோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். பனிக்கட்டியின் மேல் எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்பதை அச்சோதனை கேட்பதே இல்லை. புறப்படும் திறமைக்குச் சான்று உண்டு, நிற்கும் திறமைக்கு இல்லை.

நம் முன்னோர் இவ்விரண்டையும் பிரவிருத்தி என்றும் நிவிருத்தி என்றும் பிரித்தார்கள். வேதம் உரைக்கும் தர்மம் இவ்விருவகைப்பட்டது என்றே சங்கரர் தம் கீதா பாஷ்யத்தைத் தொடங்குகிறார். அங்கே நிவிருத்தி என்பது துறவு நெறி. அதைத் தெருமுனைக்கு இழுத்துவருவது மிகையெனத் தோன்றலாம். எனினும் கீதையின் 16-ஆம் அத்தியாயம் அசுர இயல்பினரைப் பற்றி விரித்துக் கூறத் தொடங்கும்போது, எதில் முனைவது, எதினின்று விலகுவது என்ற இரண்டையும் அறியாமையையே அவர்களுடைய முதல் இலக்கணமாக வைக்கிறது. முனைவதற்கு எந்திரம் துணைசெய்கிறது. நான்கு சக்கரங்களுக்கும் விசையூட்டும் வண்டி பனியிலிருந்து எளிதாகக் கிளம்பிவிடும். நிற்பதற்கோ அந்த விசையால் ஒரு பயனும் இல்லை. உள்ளங்கையளவே தரையில் படியும் நான்கு ரப்பர்த் துண்டுகளே கதி.

அந்த ரப்பரைக் கையால் தொட்டுப் பாருங்கள். குளிர் முற்றிய நாளில் விண்டர் டயரின் மேல் கட்டைவிரலை அழுத்தினால் அது நெகிழ்ந்து கொடுக்கும். அதன் முகமெங்கும் மயிரிழைபோன்ற நுண்ணிய வெட்டுக்கள் ஆயிரக்கணக்கில் வளைந்து வளைந்து ஓடுவதைக் காணலாம். அவற்றின் விளிம்புகளே பனியைக் கவ்வுகின்றன. கோடை டயரின் ரப்பரோ சுமார் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறுகத் தொடங்குகிறது. ஆல்-வெதர் டயர் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. ஜூலை மாதத்து வெயிலில் கரைந்து தேய்ந்துபோகாமல் இருக்கவேண்டும் என்பதற்காக, ஜனவரியின் மென்மையில் ஒரு பங்கை அது விட்டுக்கொடுத்திருக்கிறது. அதைக் குறையென்று பழிப்பது நியாயமன்று. எக்காலத்துக்கும் இசைவதென்று விரதம் பூண்ட எந்தப் பொருளும் செலுத்தியே தீரவேண்டிய விலை அது. ஆனால் அந்த விலை பனிக்கட்டியின் மேல் வசூலாகும்போது, அதைக் கொடுப்பவர் தெருவைக் கடக்கும் மற்றொருவராக இருக்கலாம் என்பதே என் நெஞ்சை உறுத்துகிறது. எல்லாக் காலத்துக்கும் ஒருவாறு நல்லவனாக இருப்பதும், ஆபத்தான காலத்துக்கு முழுதும் நல்லவனாக மாறிக்கொள்வதும் ஒன்றாகா. பனியோடு பிறந்து வளர்ந்த பின்லாந்து மக்கள் 1934-ஆம் ஆண்டிலேயே லாரிகளுக்கென்று தனிக் குளிர்கால டயரைச் செய்தது இதை அறிந்துதான் போலும்.

நாம் புது வண்டிக்குப் பூஜை போடுகையில் நான்கு டயர்களின் கீழும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறோம். பயணம் விக்கினமின்றி நடக்கவேண்டும் என்று விநாயகரை வேண்டுகிறோம். என்னால் பிறருக்கு விக்கினம் நேரலாகாது என்பதும் அந்தச் சங்கற்பத்தில் சேரவேண்டாமா? சேர்ப்போமானால், பழத்தின் மேல் ஏறும் டயர் எத்தகையது என்று பார்ப்பதும் பூஜையின் ஓர் அங்கமே ஆகும்.

மழை மிகுந்து பனி அருகிய வான்கூவர் போன்ற கடலோர ஊர்களிலும், பனி கொட்டும் நாளில் வீட்டிலேயே தங்கிவிட வசதியுள்ள முதியோர்க்கும் ஆல்-வெதர் டயர் போதும்; அவர்கள் அதைக் கூசாமல் வாங்கலாம். விடியுமுன் வேலைக்குப் புறப்பட்டாகவேண்டிய கியூபெக் மக்களுக்கு அது போதாதென்பதே என் முடிவு. அன்று விண்டர் டயர் இருந்திருந்தால் கோட்டுக்குள் நின்றிருப்பேன் என்று சத்தியம் செய்ய இயலாது. வேகம் இருமடங்கானால், பிரேக் பிடித்தபின் நிற்கும் தூரம் நான்கு மடங்காகும், அன்று என் வேகமும் கூடுதலே. ஆனால் செய்யக்கூடியதைச் செய்யாமல் விட்டிருந்தேன் என்பது நிச்சயம்.

அந்த வாரமே டயர்களை மாற்றினேன். சட்டம் டிசம்பர் 1 வரை தவணை தருகிறது. கோடை டயரின் ரப்பரோ அதற்குப் பல வாரங்கள் முன்பே இறுகத் தொடங்கிவிடுகிறது. ஆகையால் நவம்பர் பிறக்கும்போதே நீங்களும் மாற்றிவிடுங்கள்.