ருத்திரன் மலை வெடித்த நாள்

1963-இல் பாலித் தீவின் பெசாகி கோயிலில் ஏகாதச ருத்திர வழிபாடு நடந்துகொண்டிருந்தது. நூறாண்டுக்கு ஒருமுறை செய்யும் பெருஞ்சடங்கு. ஏற்பாடுகளின் நடுவே, பிப்ரவரியில், கோயிலுக்கு மேலே நிற்கும் ஆகுங் எரிமலை குமுறத் தொடங்கியது. மார்ச் 17 அன்று பெரிதாக வெடித்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். தீக்குழம்பு கோயிலைத் தொடாமல் விலகிப்போனது.

சடங்கில் குறை நேர்ந்ததால் தெய்வம் சினந்தது என்றார்கள் சிலர். கோயில் தப்பியதே தெய்வத்தின் அருள் என்றார்கள் வேறு சிலர்.

நிலவியல் சொல்லும் காரணம் வேறு. பாலி அடங்கிய இந்தோனேசியாவுக்கு அடியில் கடல்தட்டு ஒன்று செருகி இறங்குகிறது. கூடவே நீரும் ஆழத்துக்குப் போகிறது. நீர் சேர்ந்தால் அங்குள்ள சூடான பாறை எளிதில் உருகிவிடும். அந்தக் குழம்பு மேலேறும்போது சிலிக்கா கூடிக் கெட்டிப்படுகிறது. உள்ளே அடைபட்ட வாயு, வழி கிடைக்காமல் வெடிக்கிறது. சாம்பலும் குழம்பும் மாறி மாறிப் படிந்து செங்குத்தாக எழும் இதுவே அடுக்கு எரிமலை.

இதற்கு மாறாக, ஹவாயின் கிலாவேயா கேடய எரிமலை. பசிபிக் தட்டின் நடுவே, அடியாழத்து வெப்பத்தால் பிறந்தது. அதன் குழம்பில் சிலிக்கா குறைவு. நீர்த்து ஓடும், வாயுவும் எளிதில் பிரிந்துவிடும். அதனால் மலை தாழ்ந்து அகன்று கிடக்கிறது. அங்கே குடியிருப்பவள் பேலே என்னும் பெண் தெய்வம். 2018-இல் அதன் குழம்பில் சுமார் 700 வீடுகள் அழிந்தபோது, நிலம் அவளுடையது, அவளே எடுத்துக்கொண்டாள் என்று வீடிழந்தவர்களிலேயே சிலர் சொன்னார்கள். குழம்பு வரும் வழியில் டி என்னும் செடியின் இலைகளைப் படைத்தார்கள். விலகிச் செல்ல அவகாசம் தரும் மலையோடு இப்படி உறவு கொண்டாட முடிகிறது. வெடித்த அன்று ஆகுங் அந்த அவகாசத்தைத் தரவில்லை.

காரணம் தெரிந்தபின் தெய்வத்துக்கு இடமுண்டா? உண்டு. பாறை ஏன் உருகியது என்பதற்குச் சிலிக்காவும் நீரும் விடை. பிள்ளையைப் பறிகொடுத்தவள் அதே சரிவில் எந்தத் தைரியத்தில் மறுபடி நெல் நடுவாள் என்பதற்கு அவை விடையாகா. அங்கே வழிபாடு தேவைப்படுகிறது.

ஆனால் ஓட வேண்டிய காலை அது கட்டிப்போடக் கூடாது. ஜாவாவின் மெராப்பி மலைக்கு அரண்மனை அமர்த்திய காவலர் மரிஜான், 2010-இல் மலை குமுறியபோது இறங்க மறுத்தார். அக்டோபர் 26 அன்று கனல்மேகத்தில் மாண்டார். அவர் வீட்டருகே வேறு பலரும் இறந்தார்கள். அந்த முதியவரின் பக்தி உண்மையானது. அந்தச் சாவுகள் தவிர்த்திருக்கக்கூடியவை.

பாலியில் ஏகாதச ருத்திர வழிபாட்டை, நூறாண்டு காத்திராமல், 1979-இல் மீண்டும் நடத்தினார்கள். 2017-இல் ஆகுங் மறுபடி குமுறியபோது, அது வெடிக்கும் முன்பே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் சரிவை விட்டு இறங்கியிருந்தார்கள்.