சார்பிலாச் சிறார்க்குச் சார்பாதல்

திருநணா எனத் தேவாரத்துள் வழங்கும் எம் பவானித் தலத்தில், காவிரியும் பவானியும் கூடும் துறைக்கண் நீத்தார் கடன் ஆண்டு முழுதும் நிகழும். தந்தைக்கு எள்ளும் நீரும் இறைக்கும் பொருட்டுச் சிறுவன் ஒருவனது கையை முதியவர் ஒருவர் பற்றி நீரின்மேல் நீட்டுவிப்பதை அத்துறையிற் பன்முறை கண்டிருக்கின்றோம். கடன் முடிந்து ஈரத் துணியோடு கரையேறும் அச்சிறுவன் இனி எவர் மனைக்குச் செல்வான்? பாட்டனோ மாமனோ உளராயின் அவர் மனைக்குச் செல்வான். அவர் இலராயினும், இருந்தும் பேணும் வலியிலராயினும், குழந்தைகள் இல்லம் எனப்படும் காப்பகத்துக்குச் செல்வான்.

அங்ஙனம் சென்ற சிறாரைப் பேணும் முறை யாது? அம்முறைக்குச் சித்தாந்த சைவம் காட்டும் அடிப்படை யாது? உணவும் உடையும் கல்வியும் அளித்த அளவில் கடன் தீர்ந்தது என்பார் பலர். அவ்வளவில் தீராது என்பதும், அச்சிறார்க்கு முதற்கண் வேண்டப்படுவது நிலையான சார்பே என்பதும் எம் துணிபு. இதனைச் சிறிது ஆராய்வாம்.

ஈண்டு ஓர் ஐயம் நிகழும். தாய் தந்தையரை இழத்தல் அவ்வுயிரின் பிராரத்த வினையன்றோ? முதல்வன் ஊட்டுவதை இடைப்புகுந்து விலக்க யாம் யார்? உயிர் தரிக்கச் சோறிட்டால் அமையாதோ? என்பது. இங்ஙனம் வாய்விட்டு வினவுவார் சிலரே. ஆயினும், இக்கருத்தை உள்ளே வைத்துக்கொண்டு காப்பகம் நடத்துவாரும் அதற்குப் பொருளுதவுவாரும் சிலரல்லர்.

இதற்கு விடை எம் கொங்கு நாட்டு மண்ணிலேயே பிறந்துளது. திருஞானசம்பந்தப் பிள்ளையார் கொடிமாடச் செங்குன்றூராகிய திருச்செங்கோட்டில் எழுந்தருளியிருந்த காலத்துப் பனிக்காலத்துச் சுரநோய் உடன்வந்த அடியாரைப் பற்றியது. அந்நாட்டில் அப்பருவத்துக்கு அஃது இயல்பு என்றனர். பிள்ளையார் அவ்விடையோடு அமைந்தாரல்லர். திருநீலகண்டத் திருப்பதிகம் அருளிச் சுரத்தைப் போக்கினார். முன்னை வினைக்கு இது பயன் எனச் சொல்லிக்கொண்டு உய்யும் வழியை நாடாதிருத்தல் குறையேயாம் என்பதே அப்பதிகம் தொடங்குமிடத்துக் கருத்து. வினையுண்மையை அவர் மறுத்திலர். வினையைக் காட்டிக் கைகட்டி இருத்தலையே மறுத்தார். அவர் காட்டிய வழியுள் இறைவன் கழல் போற்றலோடு கைத்தொண்டும் அடங்கியிருத்தல் நோக்கற்பாலது.

பின்னாளிற் கோயம்புத்தூரைக் கொள்ளைநோயாகிய பிளேக் பற்றியது. அந்நோயின் நினைவாகப் பிளேக் மாரியம்மன் என்னும் பெயரால் விளங்கும் கோயில்கள் அந்நகரில் இன்றும் உள. அங்கே வந்த இராமகிருஷ்ணானந்த அடிகள், ஒரு குடும்பத்தார் அனைவரும் மாள இளஞ்சிறார் மட்டும் எஞ்சியிருந்ததைக் கண்டு உள்ளம் உருகினார். அவ்வுருக்கமே 1905-ஆம் ஆண்டில் மயிலாப்பூரில் மாணவர் இல்லம் ஒன்று தோன்றக் காரணமாயிற்று. வாடகை மனையில், ஏழு சிறாரோடு அது தொடங்கிற்று. அவர் நம்மவரல்லர், வேதாந்த நெறியினர். ஆயினும், செங்குன்றூர்ப் பதிகத்தின் கருத்தைச் செயலிற் காட்டியவர் என அவரைப் போற்றுதற்குத் தடையில்லை.

இனி, வினைக்கொள்கையை முறைப்படி நோக்கினும் இதுவே பெறப்படும். பிராரத்தம் நுகர்வானுக்கு உரியது. அதனைக் கண்டவன் செய்வதும் செய்யாது விடுவதும் அவனது ஆகாமியம். பிறனுடைய பிராரத்தத்தைக் காட்டித் தன் ஆகாமியத்தைக் கழித்தல் கூடாமை அறிக. அன்றியும், தந்தையை இழந்தது அப்பிள்ளையின் வினைப்பயனாயின், உம் வாயிலில் வந்து நின்றதும் அவன் வினைப்பயனேயாம். முன்னதைக் கூட்டிய முதல்வனே பின்னதையும் கூட்டினான். இழப்பை மட்டும் இறைவன் செயலாகக் கொண்டு, காப்பைக் கொள்ளாது விடுதல் எவ்வாறு பொருந்தும்?

அற்றேல், அக்காப்பு எத்தகையது என ஆராய்வாம். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஊரில், செல்வம் மிக்க காப்பகம் ஒன்றைக் காணும் வாய்ப்பு எமக்கு நேர்ந்தது. கட்டடம் புதியது; சமையலறை தூயது; கணக்கும் ஒழுங்காயிருந்தது. எட்டு வயதினன் ஒருவனை அருகழைத்து, "இரவிற் காய்ச்சல் வந்தால் யாரைக் கூப்பிடுவாய், தம்பி?" என வினவினோம். அவன் சிறிதும் எண்ணாது, "இந்த வாரம் யார் முறையோ அவரை ஐயா" என்றான். அவ்விடையில் துயரும் இல்லை, குறைகூறலும் இல்லை. எம்மால் மேலொன்றும் வினவ இயலவில்லை.

உயிர் சார்ந்ததன் வண்ணமாம் இயல்பினது என்பது நம் சாத்திரங்களின் முடிபு. பளிங்கு தன்னை அடுத்த நிறத்தைக் கொள்ளுமாறு போல, உயிர் தான் சார்ந்த பொருளின் தன்மையைக் கொள்ளும். ஒன்றைச் சாராது தனித்து நிற்றல் அதற்கு இல்லை. அறிவித்தாலன்றி அறிதலும் இல்லை. முதிர்ந்த உயிர்க்கே இதுவாயின், சொல்லும் தெளியாத இளங்குழவிக்குக் கூறவேண்டா. வாரந்தோறும் மாறும் முகங்களைச் சார்ந்த குழவி எந்நிறத்தைக் கொள்ளும்? ஒன்றும் நிலையாது, ஒருவரும் தனக்குரியரல்லர் என்னும் நிறத்தையே கொள்ளும். பின்னர் அந்நிறத்தைக் கண்டு, "இப்பிள்ளை எவரிடத்தும் பற்றிலன், நன்றியிலன்" என நாமே பழிக்கின்றோம்.

நம் முன்னோர் உயிரியல்பில் வைத்து உணர்த்திய இதனை இக்காலத்து ஆய்வும் தன் நெறியிற் கண்டுளது. உருமேனியா நாட்டுப் புக்காரெஸ்ட் நகரில் 2000-ஆம் ஆண்டிற் பல ஆய்வாளர் கூடி, காப்பகங்களில் வாழ்ந்த 136 குழவிகளை ஆராயத் தொடங்கினர். அவருள் ஒரு பாதியினரை வளர்ப்புப் பெற்றோர் மனைகளில் வைத்தனர். மற்றையோர்க்கு வழக்கம்போல் காப்பக வாழ்வே அமைந்தது. ஆண்டுகள் கழிய, மனைகளிற் சேர்ந்தோர் அறிவு வளர்ச்சியிலும், பிறரைப் பற்றி நிற்கும் உள்ளத்திலும் மேம்பட்டு நின்றனர். இரண்டு வயது நிறையுமுன் சேர்ந்தோர்க்குப் பயன் மிகுதியாயிற்று. சோறு இருசாரார்க்கும் உண்டு. சார்பே வேற்றுமை செய்தது.

ஆதலின், காப்பகம் நடத்துவார் முதற்கண் நோக்கற்பாலது, ஒவ்வொரு பிள்ளைக்கும் தனக்குரியர் எனக் கருதத்தக்க ஒருவர் உளரா என்பது. நூற்றுவரை ஒரு கூடத்தில் அடைத்தலினும், சிலர் சிலராகப் பிரித்துப் பல ஆண்டு நிலைத்திருக்கும் தாயர் ஒருவர்பால் ஒப்புவித்தல் நன்று. உடன்பிறந்தாரைப் பிரித்தல் ஆகாது. பிள்ளையைப் பெயரிட்டு அழைத்தலும், தனக்கென ஒரு தட்டும் சீப்பும் பூட்டுடைய பெட்டியும் அளித்தலும் சிறியனபோலத் தோன்றினும் சிறியனவல்ல. இத்தாயர்க்குத் தக்க ஊதியம் அளியாது ஆண்டுதோறும் ஆள் மாற்றும் காப்பகம், கோபுரத்துக்குச் செலவிட்டுக் கருவறை விளக்குக்கு எண்ணெய் விடாத கோயில் போல்வதாம்.

மெய்கண்ட தேவர் சிவஞானபோத எட்டாஞ் சூத்திரத்தில் வேடரிடை வளர்ந்தமையைக் குறித்தருளினார். அதனை விளக்க ஆசிரியர்கள் மன்னவ குமாரனை எடுத்துக்காட்டுவர். வேடரிடை வளர்ந்து தன்னையும் வேடனென்றே எண்ணியிருந்த மைந்தன்பால் தந்தையாகிய அரசன் வந்து, நீ என் மகன் என அறிவுறுத்தி உடன்கொண்டு செல்கின்றான். அவ்வரசன் மைந்தனது அழுக்கை இகழ்ந்தானல்லன்; வேடரிடை இருந்ததற்கு ஒறுத்தானுமல்லன். அவன் முதற்கண் அளித்தது அறிவுரையன்று, உறவு. காப்பகத்துப் பிள்ளை தன்னைப்பற்றிக் கேட்டிருப்பன, யாருமற்றவன், தரித்திரம் பிடித்தவன், பெற்றாரை விழுங்கியவன் என்பன போன்ற கொடுஞ்சொற்களே. அச்சொற்களே அவனைச் சூழ்ந்த வேடர். அவற்றை மாற்றி, நீ உரியவன் என்னும் சொல்லைச் சொல்லியும் ஒழுகியும் அறிவுறுத்துவாரே ஈண்டு ஆசிரியராவார்.

அச்சூத்திரம் செய்த ஆசிரியர்தாமும், பிறந்த பெண்ணாகடத்தினின்று மாமனார் கொண்டுசெல்லத் திருவெண்ணெய்நல்லூரில் அவர் மனையில் வளர்ந்தவர் என்பது வரலாறு. ஆதலின் உறவினர் மனை உளதாயின் காப்பகத்தினும் அதுவே முற்பட நாடத்தக்கது. இந்திய அரசு 2015-ஆம் ஆண்டில் இயற்றி 2016 சனவரித் திங்களில் நடைமுறைக்குக் கொணர்ந்த இளைஞர் நீதிச் சட்டம் பொதுநெறிகள் பதினாறு வகுத்துளது. பிள்ளையின் நலமே தலையாயது, அவன் கருத்தைக் கேட்டல் வேண்டும், இழிவுறச் சுட்டலாகாது, காப்பகத்தில் வைத்தல் வேறுவழி இல்லாவிடத்துக் கொள்ளும் கடைவழியே என்பன அவற்றுட் சில. குழந்தைகள் சட்டம் என்னும் பெயரால் இந்தியாவில் முதற்கண் எழுந்த சட்டம் 1920-ஆம் ஆண்டில் நம் சென்னை மாகாணத்திற் பிறந்தது. நூற்றாண்டு அளவில் எய்திய முடிபு, பிள்ளையை மனைக்கு மீட்டலே காப்பகத்தின் பயன் என்பதாம்.

திருப்புக்கொளியூர் அவிநாசியில் நிகழ்ந்த அருட்செயலும் இதனையே உணர்த்தும். ஒரு மனையில் பூணூல் மங்கல ஒலியும், எதிர் மனையில் அழுகை ஒலியும் கேட்ட நம்பியாரூரர், அழுகை கேட்ட மனையின் திறத்தை வினவினார். சில ஆண்டு முன்னர் முதலை உண்ட பாலனை இறைவன் திருவருளால் மீட்டபொழுது, கழிந்த ஆண்டுகளின் வளர்ச்சியோடும் அவன் வந்தான் என்பர். வந்தவனை அவர் தம் பரிவாரத்திற் சேர்த்துக்கொண்டிலர், பெற்றோரிடத்து ஒப்புவித்தார். மீட்டவன் நானாதலின் இவன் எனக்குரியன் என்னும் எண்ணம் அவர்பால் இல்லை. காப்பகத் தலைவர்க்கு இதனினும் சிறந்த பாடம் இல்லை. எண்ணிக்கை குறையுமென அஞ்சிப் பிள்ளையைத் தாயினிடத்து அனுப்பாது வைத்திருத்தல், காத்தலன்று, கவர்தலேயாம்.

இனி, ஒறுத்தல்பற்றி ஓர் ஐயம் எழும். இறைவன் அறக்கருணையோடு மறக்கருணையும் உடையனன்றோ? பிள்ளையைத் திருத்தப் பிரம்பெடுத்தலும் கருணையின்பாற் படாதோ? எனின், அற்றன்று. மறக்கருணை முற்றறிவும் விருப்பு வெறுப்பின்மையும் உடையான் செயல். உயிரின் வினையளவு அறிந்து, மருத்துவன் வாளிடுமாறு போல அவன் செய்வன். மாந்தர் அறிவு அத்தகையதோ? சீகாழிக் குளக்கரையில் ஞானப்பால் உண்டு நின்ற பிள்ளையாரை நோக்கி, பால் தந்தார் யாரெனச் சினந்து சிறுகோல் ஓச்சினார் சிவபாதவிருதயர். பெற்ற தந்தையும் சிவநேயச் செல்வருமாகிய அவரே நிகழ்ந்தது அறியாது ஓச்சினாராயின், பிள்ளையின் முற்பகலும் இரவும் அறியாத ஊழியர் ஓச்சும் கோல் எங்ஙனம் கருணையாகும்? ஈன்ற ஆவினை அடித்த ஆயனைக் கண்ட விசாரசருமர், அவனைத் தடுத்ததோடு அமையாது மேய்த்தலைத் தாமே மேற்கொண்டார். அடியாதே என்பார்க்கு அதுவே வழி. காப்பகத்தில் உடல் வருந்த ஒறுத்தலை மேற்குறித்த சட்டமும் குற்றமெனக் கொண்டு, முதன்முறை பத்தாயிரம் ரூபாய் தண்டமும், மீளச் செய்யின் மூன்று திங்கள்காறும் சிறையும் விதித்துளது.

இறுதியாக அறஞ்செய்வார் திறத்து ஒன்று கூறுதும். பிறந்தநாள், நினைவுநாள் எனக் காப்பகங்களில் உணவளிப்பது இக்காலத்து மிக்குளது, நன்றே. ஆயின் முற்கூறிய காப்பகத்தில் இலையிற் சோறு ஆறிக்கொண்டிருக்க, அளித்தவர் படம் எடுத்து முடியுமளவும் பிள்ளைகள் கைகூப்பி நின்றதையும் கண்டோம். தன் பெயரும் பயனும் நோக்கிச் செய்வது பசுபுண்ணியமாய்ப் போகத்தில் முடியும்; முதல்வன் செயலெனக் கண்டு தன்னை மறந்து செய்வதே சிவபுண்ணியம். உண்ணும் பிள்ளை அளித்தவரை அறியவேண்டுவதில்லை. அளித்தவர் அப்பிள்ளையின் நாணத்தை அறிதல் வேண்டும். திருநீறு அணிந்தாற்றான் சோறு எனக் கட்டாயம் செய்வதும் இவ்வகையதே. பக்குவம் நோக்கியே இறைவன் அருளுகின்றான். சோற்றை விலையாக வைத்துப் பெறும் வணக்கம் சரியையும் ஆகாது.

திருமடங்கள் பழையநாள் தொட்டுப் பிள்ளைகளை ஏற்றுக் கற்பித்த பெருமையுடையன. ஆதலின் மடத்தார் தம் இல்லங்களில் தூண்களை எண்ணுமுன், தாயரை எண்ணுக. பதினெட்டு நிறைந்தவுடன் வாயிலைக் காட்டி அனுப்பாது, சட்டம் கூறும் இருபத்தொன்று வரையேனும் துணைநிற்க. அதன் பின்னரும் பொங்கலுக்கு வந்து தங்க ஒரு பாயையும், மணநாளில் பெற்றோர் இடத்தில் நிற்க ஒருவரையும் வைத்திருக்க.

கூடுதுறையில் ஈரத் துணியோடு கரையேறும் சிறுவனது கையைப் பற்றியிருப்பவர், கடன் முடிந்ததும் அக்கையை விட்டுவிடுவர். அதனைப் பின்னர்ப் பற்றுவார் எவரோ, அவர் நெடுங்காலம் விடாது பற்றுக. உயிர்க்குயிராய் நின்று பிரியாத முதல்வன் எல்லா உயிர்க்கும் சார்பாவன் என்பதை அச்சிறுவன் நூலிற் கற்குமுன், ஒரு மனிதர் கையில் அறிவானாக.

சிவம்.