அளவும் அறமும்

மனிதர் செய்யும் வேலைகளுள் செய்து முடித்த பின்னும் கண்ணுக்குத் தெரிபவை சில. முடித்த கணமே மறைந்துவிடுபவை சில. தச்சர் செய்த நாற்காலியைத் தட்டியும் அமர்ந்தும் சோதித்துக்கொள்ளலாம். கொத்தனார் போட்ட அடித்தளத்தையோ, மெக்கானிக் பூட்டிய எஞ்சினையோ அவ்வாறு சோதிக்க இயலாது. அங்கே நாம் நம்பித்தான் ஆக வேண்டும். அப்படியாயின், பிறர் காண முடியாத வேலையைச் செய்பவர் பிறருக்கு எதைக் கடன்பட்டிருக்கிறார்? இக்கேள்வியை ஒரு லாரிப் பட்டறையில் வைத்துச் சிந்திக்க விழைகிறோம்.

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு ஆகியவற்றை லாரித் தொழிலின் ஊர்கள் எனத் தமிழகம் அறியும். இத்தகைய ஊர்களின் பட்டறைகளில் வழக்கமாக நடைபெறும் பெரிய வேலைகளுள் ஒன்று, எஞ்சினின் 'ஹெட்'டைக் கழற்றிச் சீர்செய்து மீண்டும் மாட்டுவது. சிலிண்டர் ஹெட் என்பது சிலிண்டர்களின் மேலே அமரும் கனத்த மூடி. காற்று வரவும் புகை போகவும் வழிவிடும் வால்வுகளும், டீசலைத் தூவும் இன்ஜெக்டர்களும் அதிலேதான் அமைந்துள்ளன. அதற்கும் கீழுள்ள பிளாக்கிற்கும் இடையில் கேஸ்கெட் என்னும் மெல்லிய தகடு ஒன்று இருக்கும். நெருப்பையும் நீரையும் எண்ணெயையும் ஒன்றோடொன்று கலக்கவிடாமல் காப்பது அந்தத் தகடே.

டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. காற்றை அதன் பருமனில் ஏறத்தாழ 16இல் ஒரு பங்காக நெருக்கும்போது எழும் வெப்பம் 500 பாகை செல்சியஸைக் கடக்கிறது. அதில் தூவப்படும் எண்ணெய் தானே பற்றிக்கொள்கிறது. ருடால்ஃப் டீசல் 1897இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் நிறுவிக் காட்டிய முறை இதுவே. பற்றும் கணத்தில் சதுர சென்டிமீட்டருக்கு 100 கிலோ அழுத்தம் எழுகிறது எனக் கொள்வோம். 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு சிலிண்டரில், அது ஹெட்டை மேல்நோக்கித் தள்ளும் விசை ஏழரை டன்னுக்கும் அதிகம். நிமிடத்திற்கு 2000 சுற்று ஓடும் எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரிலும் இந்த அடி 1000 முறை விழுகிறது. ஹெட்டைக் கீழே அமர்த்திப் பிடித்து இதைத் தாங்குபவை போல்ட்டுகள்தாம்.

இந்தப் பணிக்கெனவே தனிக் கருவிகள் உண்டு. அவற்றைக் கூர்ந்து நோக்கினால், ஒவ்வொன்றும் யாரையோ ஒருவரைக் காப்பதற்கென்று பிறந்தது என்பது விளங்கும். வால்வு ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கருவி, வேலை செய்பவரின் கண்ணைக் காக்கிறது. அது இல்லாத இடத்தில் சுத்தியலால் தட்டி ஸ்பிரிங்கை விடுவிப்பதுண்டு. அப்போது வால்வு லாக் எனப்படும் சிறு துண்டுகள் தெறித்து முகத்தில் பாயக்கூடும். கரி பிடித்து இறுகிய இன்ஜெக்டரை நேராக இழுத்தெடுக்கும் புல்லர், கடப்பாரை நெம்பலிலிருந்து ஹெட்டைக் காக்கிறது. ஹெட்டின் அடிப்பரப்பு வளைந்துள்ளதா எனப் பார்க்க நேர்ச்சட்டமும், அதனடியில் செருகிப் பார்க்கும் மெல்லிய தகடுகளான ஃபில்லர் கேஜும் உள்ளன. மில்லிமீட்டரில் 20இல் ஒரு பங்கான இடைவெளியையும் அவை காட்டிக்கொடுக்கும். போல்ட்டை எவ்வளவு பலத்தில் முறுக்குகிறோம் எனச் சொல்லும் டார்க் ரெஞ்சோ, மெக்கானிக் ஒருபோதும் சந்திக்கப்போகாத மனிதரைக் காக்கிறது.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். முப்பது ஆண்டு ஸ்பேனர் பிடித்த கைக்கு அளவு தெரியாதா? எஞ்சினின் ஓசையைக் கேட்டே நோயைச் சொல்லும் மேஸ்திரிகள் நம்மிடையே இருக்கிறார்கள் அல்லவா? இருக்கிறார்கள்; அவர்களது அறிவு மதிக்கத்தக்கது. ஆயினும் போல்ட்டின் இயல்பு ஒன்றை நாம் மறத்தலாகாது. நாம் முறுக்கும் பலத்தில் ஏறத்தாழ 100க்கு 90 பங்கு, போல்ட்டின் தலையடியிலும் மரையிலும் ஏற்படும் உராய்விலேயே செலவாகிவிடுகிறது. எஞ்சிய 10 பங்குதான் ஹெட்டை இறுக்கிப் பிடிக்கிறது. மரையில் சிறிது துருவோ அழுக்கோ இருந்தால் அந்தப் பத்தும் குறைந்துவிடும். கைக்கோ போல்ட் நன்றாக இறுகியதுபோலவே தோன்றும். ஆகவேதான் மரையைத் துடைத்து எண்ணெயிட வேண்டும், நடுவிலிருந்து ஓரம் நோக்கிப் பல கட்டங்களாக இறுக்க வேண்டும், சில எஞ்சின்களில் குறித்த பலத்திற்குப் பின் குறித்த பாகை திருப்பவும் வேண்டும் என்றெல்லாம் விதிகள் வகுக்கப்பட்டன. கை பொய் சொல்வதில்லை. ஆனால் கைக்குப் பசியும் களைப்பும் உண்டு. மாலை ஆறு மணிக்கு ஒரு பலம், நள்ளிரவில் ஒரு பலம். அளவுக்கருவிக்கு இந்த வேறுபாடு கிடையாது. அதைக் கையில் எடுப்பவர் தம் திறமையைத் தாழ்த்திக்கொள்வதில்லை; தம் களைப்பின் சுமையை அயலார்மேல் ஏற்ற மறுக்கிறார்.

அந்த அயலார் யார்? சேலத்திற்கும் தர்மபுரிக்கும் இடையில் உள்ள தொப்பூர் கணவாய், விபத்துகளால் பெயர் பெற்ற சாலை. பாரம் ஏற்றிய லாரி ஒன்று இரவில் அத்தகைய ஏற்றத்தில் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். சரியாக இறுகாத ஓரிடத்தில் கேஸ்கெட் கருகுகிறது; எரிந்த வாயு குளிர்நீருக்குள் புகுகிறது; எஞ்சின் கொதித்து, சாலை நடுவே வண்டி நின்றுவிடுகிறது. பின்னால் வேகமாக வரும் வண்டியில் இருப்பவர் அந்தப் பட்டறையின் பெயரைக்கூடக் கேட்டிராதவர். அவரோடு மெக்கானிக்கிற்குப் பேச்சும் இல்லை, ஒப்பந்தமும் இல்லை. ஆயினும் அவரது உயிர், ஒருவர் அளந்தாரா அல்லது ஊகித்தாரா என்பதில் தொங்கிக்கொண்டிருக்கிறது. காணாத மனிதருக்குப் பட்ட கடனை அளந்து செய்வதால் மட்டுமே தீர்க்க முடியும் என்பது நம் துணிபு.

இந்தக் கடனை மெக்கானிக்கின் தோளில் மட்டும் ஏற்றிவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்வது நியாயமாகாது. கருவி இருந்தும் எடுக்காதவரைக் குறை கூறலாம்; கருவியே எட்டாதவரை என்ன சொல்வது? 2014ஆம் ஆண்டு இந்தியப் போட்டி ஆணையம், கார் தயாரிக்கும் 14 நிறுவனங்கள் தங்கள் உதிரிபாகங்களையும் ஆய்வுக் கருவிகளையும் வெளிப்பட்டறைகளுக்குக் கிடைக்காமல் செய்தது போட்டிச் சட்டத்திற்கு முரண் என ஆணையிட்டது. மேல்முறையீடுகள் ஒருபுறம் இருக்க, அந்த ஆணை எழுப்பிய வினா கார்களோடு முடிந்துவிடுவதன்று. 2020 ஏப்ரல் முதல் பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் நடைமுறைக்கு வந்த பின், புதிய லாரி எஞ்சின்களின் கோளாறறிய கணினிக் கருவியும் தேவைப்படுகிறது. செம்மையாகச் செய் என்று ஒருவரிடம் கேட்டுவிட்டு, செம்மைக்குரிய அளவையும் கருவியையும் பூட்டி வைப்பது எந்த அறத்தில் சேரும்? ஆக்கியவருக்குத் தம் உழைப்பின் பயனைப் பெற உரிமை உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் பிறர் உயிரைக் காக்கும் ஓர் அளவை மறைத்து வைக்கும் உரிமை அதனுள் அடங்காது.

அதே வேளையில், வறுமை எல்லாவற்றுக்கும் விடையாகிவிடுவதும் இல்லை. வால்வு சரியாகப் படிந்துள்ளதா என அறியப் பட்டறைகளில் பழைய வழக்கம் ஒன்று உண்டு. வால்வுகளைப் பூட்டிய பின் ஹெட்டின் துளைகளில் மண்ணெண்ணெயை ஊற்றிவிட்டு, சீட்டின் ஓரம் கசிகிறதா எனச் சற்றுநேரம் பொறுத்துப் பார்ப்பார்கள். அதற்குச் செலவு மிகக் குறைவு. வேண்டியது பொறுமை மட்டுமே. அந்தப் பொறுமையைப் பல வேளைகளில் பறித்துக்கொள்பவர் உரிமையாளர். அவருக்கோ கடன் தவணை நாள் நெருங்குகிறது. சரக்குக்காரர் தொலைபேசியில் விரட்டுகிறார். சரக்குக்காரரை விரட்டுவது கடை. கடையை விரட்டுபவர் நாம். நம் வீட்டு அரிசியும் மருந்தும் ஏதோ ஓர் இரவில் ஏதோ ஒரு லாரியில் வந்தவையே.

எனவே பழுது பார்க்கக் கொடுத்த பொருள் எதுவாயினும், 'எப்போது கிடைக்கும்?', 'எவ்வளவு ஆகும்?' என்னும் இரு கேள்விகளோடு மூன்றாவதாக ஒன்றையும் கேட்கப் பழகுவோம்: 'அளந்து பார்த்தீர்களா?' அளப்பதற்கு ஆகும் நேரத்தையும் கூலியையும் முணுமுணுக்காமல் கொடுக்க நாம் ஆயத்தமாக இருந்தால் மட்டுமே, அப்படிக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு.