பிரான்வெல்லுக்குச் சொல்லாதது

ஆந்த்ரே டெஷினே இயக்கி 1979இல் வெளிவந்த பிரெஞ்சுப் படம் 'பிராண்டே சகோதரிகள்'. எமிலியாக இசபெல் அட்ஜானி, ஷார்லட்டாக மரி-பிரான்ஸ் பிசியே, ஆனாக இசபெல் உப்பேர். அந்தக் காலத்துப் பிரெஞ்சு சினிமாவின் மூன்று பெரிய நடிகைகள். எழுத்தாளர் தாக்கரேயாக ரோலன் பார்த் வேறு வந்து போகிறார். இத்தனை பேர் இருந்தும் நான் படம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது இவர்களின் சகோதரன் பிரான்வெல்லைத்தான். பாஸ்கல் கிரெகோரி நடித்திருக்கிறார். குடித்துவிட்டு வந்து படிக்கட்டில் கிடக்கும் ஒருவன். அடுத்த அறையில் அவனுடைய சகோதரிகள் உலக இலக்கியம் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அது அவனுக்குத் தெரியாது. படம் இதைப் பெரிதுபடுத்தவில்லை. எனக்கு மட்டும் அந்த இடத்தைத் தாண்டிப் போக முடியவில்லை.

வரலாறு சொல்வதும் அதுதான். 1846இல் மூன்று சகோதரிகளும் கர்ரர், எல்லிஸ், ஆக்டன் பெல் என்ற பெயர்களில் ஒரு கவிதைத் தொகுப்பைத் தங்கள் கைக்காசில் போட்டார்கள். முதல் ஆண்டில் விற்றது இரண்டு பிரதி. 1847 அக்டோபரில் 'ஜேன் அயர்', டிசம்பரில் 'வுதரிங் ஹைட்ஸ்', 'ஆக்னஸ் கிரே'. லண்டன் முழுக்க யார் இந்த பெல்கள் என்று பேச்சு. 1848 செப்டம்பர் 24 அன்று பிரான்வெல் இறந்தார். அக்டோபரில் ஷார்லட் தன் பதிப்பாளர் தரப்புக்கு ஒரு கடிதம் எழுதினார். சகோதரிகள் ஒரு வரிகூட அச்சிட்டது அவனுக்குத் தெரியாது. வீணடித்த தன் வாழ்க்கையை நினைத்து நொறுங்கிவிடுவான் என்று பயந்து நாங்கள் சொல்லவில்லை. இனி அவனுக்குத் தெரியவே போவதில்லை என்பது அதன் சாரம்.

இது கருணையா, கொடுமையா?

மறைத்து எழுதுவது என்றதும் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது சல்மாதான். துவரங்குறிச்சியில் வயதுக்கு வந்ததும் பள்ளியை நிறுத்தி வீட்டுக்குள் வைக்கப்பட்டவர். மணமான பிறகு ராத்திரியில், குளியலறையில், கிடைத்த தாளில் எழுதினார். அம்மாதான் அந்தத் தாள்களை வெளியே கொண்டுபோய்ச் சேர்த்தார். யார் எழுதுவது என்று வீட்டுக்குத் தெரியக்கூடாது என்பதற்காகவே புனைபெயர். 2000இல் முதல் தொகுப்பு வந்தது. கிம் லாங்கினோட்டோ 2013இல் எடுத்த ஆவணப்படத்தில் இதையெல்லாம் அவரே சொல்கிறார். இங்கே அறக்குழப்பம் எதுவும் இல்லை. தன்னைத் தடுக்கும் சக்தி உள்ளவரிடமிருந்து ஒருவர் தன் எழுத்தை ஒளித்தால் அது பொய் ஆகாது, தற்காப்பு. பிராண்டே சகோதரிகள் ஆண்பெயர் மாதிரித் தொனிக்கும் பெயர்களை வைத்துக்கொண்டதும் இந்த வகைதான். பெண் எழுதினாள் என்று தெரிந்தால் விமர்சகன் வேறு தராசை எடுப்பான் என்று அவர்களுக்குத் தெரியும். இலக்கியம் பெண்ணின் வாழ்க்கைத் தொழிலாக இருக்க முடியாது என்று அரசவைக் கவிஞர் சவுதி 1837இல் ஷார்லட்டுக்கு எழுதியே இருக்கிறார்.

பிரான்வெல் விஷயம் இதில் சேராது. அவரால் யாரையும் தடுக்க முடியாது. அவருக்கு வலிக்கும், அவ்வளவுதான். தடுக்க முடியாதவனிடம் மறைக்கும்போது நாம் நம்மைக் காப்பாற்றிக்கொள்ளவில்லை. அவனைப் பற்றி ஒரு தீர்ப்பு எழுதுகிறோம். இவனால் சந்தோஷப்பட முடியாது என்ற தீர்ப்பு.

இதற்கு எதிர்வாதம் உண்டு. கடைசி வருடங்களில் பிரான்வெல் குடியிலும் அபினிலும் கடனிலும் மூழ்கிக் கிடந்தார். ஒருமுறை படுக்கையில் தீ பற்றிக்கொண்டது. வயதான அப்பா அவரைத் தன் அறையிலேயே படுக்கவைத்துக் காவல் காத்தார். இவரிடம் சொன்னால் மதுக்கடையில் போய் உளறமாட்டாரா? நியாயமான பயம். எமிலி தன் கவிதைகளை ஷார்லட் எடுத்துப் படித்ததற்கே கோபப்பட்டவர். ஆனால் ஷார்லட் கடிதத்தில் சொன்ன காரணம் இதுவல்ல. அவர் சொன்னது இரக்கம். அந்த இரக்கம் எங்கிருந்து வந்தது என்று பார்க்கவேண்டும்.

அந்த வீட்டின் எதிர்காலம் பிரான்வெல்தான் என்று எல்லோரும் நம்பினார்கள். 1826இல் அப்பா வாங்கிவந்த மரப்பொம்மைச் சிப்பாய்கள் அவருக்கான பரிசு. அதிலிருந்துதான் நால்வரின் கதையுலகமும் தொடங்கியது. அப்பா அவரை வீட்டில் வைத்து லத்தீனும் கிரேக்கமும் கற்பித்தார். பெண்பிள்ளைகளை அனுப்பிய பள்ளியிலிருந்து இரண்டு மூத்த மகள்கள் நோயோடு திரும்பி 1825இல் இறந்தார்கள். 1835இல் பிரான்வெல்லை லண்டன் ஓவியக் கழகத்துக்கு அனுப்பத் திட்டம் போட்டார்கள். ஷார்லட் ஆசிரியை வேலைக்குப் போனார். பிரான்வெல் அந்தக் கழகத்தில் சேரவே இல்லை. ஆனால் நால்வரில் முதலில் அச்சில் வந்தவர் அவர்தான், 1841இல், உள்ளூர்ப் பத்திரிகையில். இப்படிப்பட்டவனிடம் போய் 'நாங்க ஜெயிச்சிட்டோம்' என்று எப்படிச் சொல்வது? சொன்னால் அது செய்தியாக இருக்காது, கணக்குத் தீர்ப்பதாக இருக்கும்.

எங்கள் இனயத்தில் இந்தக் கணக்கைப் புரியவைக்க யார்க்‌ஷயர் வரை போகவேண்டியதில்லை. மகனுக்கு வள்ளம் வாங்க, விசா எடுக்க, அக்காவின் நகைதான் முதலில் பணயத்துக்குப் போகும். எனக்குத் தெரிந்த ஒரு நர்ஸ், வளைகுடாவில் வேலை. தம்பியின் கடனை வட்டியோடு அடைத்தது அவர்தான். தம்பிக்கு அது தெரியாது. யாரோ இரங்கி விட்டுக்கொடுத்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறார். "அவனுக்குத் தெரியண்டாம், வெஷமப்படுவான்" என்பது அம்மாவின் கட்டளை. நீங்களாவது சொல்லலாமே என்று நான் கேட்டேன். "சொன்னா பெறகு அவன் எனக்க மொகத்தப் பாக்கமாட்டான்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "இப்பவும் பாக்கல்லதான், நான்தான் பாக்கவிடல்ல" என்றார்.

நான் யோசித்ததைவிட அவர் துல்லியமாகச் சொல்லிவிட்டார். மறைப்பதில் நஷ்டம் இரண்டு பக்கமும். தம்பிக்கு அக்கா யார் என்று தெரியாமல் போகிறது. அக்காவுக்கு, தான் செய்ததைத் தன் ரத்தத்தில் ஒருவன் மதிக்கும் வாய்ப்பு இல்லாமல் போகிறது. 'ஜேன் அயர்' வந்தபோது சிறுவயதில் ஷார்லட்டோடு உட்கார்ந்து ஆங்ரியா என்ற நாட்டையே எழுதி உருவாக்கியவர் பிரான்வெல். அந்த நாவலின் வேர் எங்கே இருக்கிறது என்று உலகத்தில் அவரைப்போல் அறிந்த வாசகர் வேறு கிடையாது. அந்த வாசகரை ஷார்லட் இழந்தார்.

அவ்வளவு சிறிய வீட்டில், தபாலில் அச்சுப்பிரதிகள் வந்துகொண்டிருக்க, அவருக்கு உண்மையிலேயே தெரியாமல் இருந்திருக்குமா என்ற சந்தேகமும் எனக்கு உண்டு. தெரிந்திருந்து, தெரியாததுபோல் இருந்தாரோ? அப்படியானால் அவரும் சகோதரிகள் மேல் இரக்கப்பட்டிருக்கிறார். ஒருவரை ஒருவர் காப்பாற்றுகிறோம் என்று நினைத்து நால்வரும் தனித்தனியாக வாழ்ந்திருக்கிறார்கள்.

எனவே சகோதரிகளைக் குற்றம் சொல்ல நான் தயாரில்லை. 1847இல் அவர்களிடம் மீதியிருந்தவை இரண்டே வழிகள்: சொல்லி நொறுக்குவது, சொல்லாமல் விலகுவது. இரண்டும் கெட்டவை. மூன்றாவது வழி இருபது வருடம் முன்னாலேயே அடைபட்டுவிட்டது, அந்தச் சிப்பாய்ப் பொம்மைகளை ஒரு பிள்ளையின் பெயருக்கு வாங்கிவந்தபோதே. ஒரு வீடு தன் நம்பிக்கை முழுவதையும் ஒருவன் தலையில் ஏற்றிவிட்டால், பிறகு அங்கே மற்றவர்களின் வெற்றியெல்லாம் திருட்டுச் சாமான் மாதிரி ஆகிவிடுகிறது. ஒளித்துத்தான் வைக்கவேண்டும். மகனை உயர்த்துகிறோம் என்று செய்வது மகனுக்கும் நல்லதில்லை என்பதற்கு பிரான்வெல்லைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியாது.

லண்டன் தேசிய உருவப்பட அரங்கில் ஓர் ஓவியம் இருக்கிறது. 1834 வாக்கில் பிரான்வெல் வரைந்தது. 1914இல் அயர்லாந்தில் ஒரு அலமாரி மேல் மடித்துக் கிடந்த நிலையில் கிடைத்தது. மடிப்புத் தழும்புகள் இன்றும் தெரியும். மூன்று சகோதரிகள், நடுவில் ஒரு தூண். அந்தத் தூண் இருக்கும் இடத்தில் முதலில் தன்னைத்தான் வரைந்திருந்தார், பிறகு அழித்துவிட்டார். நெருக்கமாக இருக்கிறதே என்று ஓவியனாக யோசித்தும் அழித்திருக்கலாம். காலம் போகப்போக மேல்பூச்சு மங்கி, உள்ளே இருக்கும் ஆண் உருவம் லேசாகத் தெரிய ஆரம்பித்திருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது இதுதான்: அவர் மறைந்துபோயிருக்க வேண்டியதில்லை. "நீ நடுவில நிக்கண்டாம், ஓரமா நின்னாலும் எங்க பிள்ளைதான்" என்று யாராவது நேரத்தோடு சொல்லியிருந்தால் போதும்.