கிடையாமையும் ஒரு தவமே



நம் ஆதி பகவன் விருஷப தேவர் துறவு பூண்டு ஆறு திங்கள் உண்ணா நோன்பிருந்தார். அதன்பின் ஆகாரம் ஏற்க ஊர்தோறும் எழுந்தருளியபோது, மக்கள் யானையும் குதிரையும் அணிகலன்களும் கொணர்ந்து திருமுன் வைத்தனர். முனிவர்க்கு உணவு ஈயும் முறையை அறிந்தார் அங்கு ஒருவரும் இலர். பகவன் சினவாது, எவரையும் குறை கூறாது மீண்டார். திங்கள் பல கழிந்தபின், அத்தினாபுரத்தில் சிரேயாம்சன் தன் முற்பிறப்பு நினைவால் முறையுணர்ந்து கருப்பஞ்சாறு ஈந்தான். அட்சய திருதியையின் சிறப்பு இதுவே. முன்னர்க் கொடுக்க வந்தவரிடம் அன்பு இருந்தது; அறிவு ஒன்றே இல்லாதிருந்தது.

இவ்வரலாறு இன்றைய இல்லறத்தார்க்கும் வழி காட்டும். திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் பணியேற்ற நம் சமூகத்து இளைஞர் ஒருவர், முதல் ஊதியத்தில் தம் பெற்றோரையும் பாட்டியாரையும் நாகரிகமான இத்தாலிய உணவகம் ஒன்றுக்கு நண்பகல் உணவுக்கு அழைத்துச் சென்றார். நாமும் உடன் சென்றோம். பாட்டியாரோ கிழங்கு, வெங்காயம், பூண்டு ஆகியவற்றை விலக்கிய நோன்பினர். அங்கே சூப்பில் உருளைக்கிழங்கும் வெங்காயமும் இருந்தன. பாஸ்தாவின் குழம்பில் பூண்டு இருந்தது. மேலே தூவிய பார்மேசான் சீஸைப் பற்றி வினவியபோது, “பாலில் செய்தது, சைவமே” என்றார் பரிமாறியவர். பாட்டியார் ரொட்டியும் பழச்சாறும் மட்டும் கொண்டு எழுந்தார். தந்தையார் உணவகத்தையும் மகனையும் கடிந்தார். மகன் தலை கவிழ்ந்திருந்தார்.

பரிமாறியவர் பொய் கூறினார் அல்லர். இத்தாலி நாட்டு மூலப் பார்மேசானாகிய பார்மிஜானோ ரெஜ்ஜானோவிற்குப் பாலும் உப்பும் மட்டும் போதா. பாலை உறையச் செய்யக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட்டையே சேர்த்தல் வேண்டும் என்பது அதன் விதி. பன்னா கோட்டா என்னும் இனிப்பை உறையவைக்கும் ஜெலட்டின், விலங்கின் தோலிலும் எலும்பிலும் பிறப்பது. திராமிசுவில் முட்டை சேர்வது மரபு. நம் நாட்டில் பொட்டலத்தில் அடைத்த சைவ உணவுக்குப் பச்சைப் புள்ளி உண்டு. தட்டில் வரும் உணவுக்கோ அப்புள்ளி இல்லை. ஆதலின் வினவுதல் நம் கடன்.

வினவுதல் இழிவன்று. சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் மதுரைப் புறத்தே மாதரி மனையில் தங்கினர். அவர்கள் சாவக நோன்பிகள் ஆதலின், பகற்பொழுதில் அடிசில் ஆக்க நல்ல கலங்கள் வேண்டும் என்பது அங்கே வெளிப்படையாகச் சொல்லப்படுகிறது. ஆயர்குல மகளிரும் மனமுவந்து பலாக்காய், வெள்ளரிக்காய், மாதுளங்காய், மாங்கனி, வாழைக்கனி, சாலியரிசி ஆகியவற்றை ஆவின் பயனோடு அளித்தனர். அவற்றுள் ஒரு கிழங்கேனும் இல்லை என்பதை நோக்குக. முன்னரே சொன்னதால் விருந்து சிறந்தது, நோன்பும் நின்றது.

எனவே வெளியே உண்ணச் செல்வோர் முன்னாளே தொலைபேசியில் கேட்டறிக. கோதுமை ரவையும் நீரும் மட்டும் சேர்ந்த உலர்ந்த பாஸ்தா, தக்காளி, துளசியினத்து இலை, ஆலிவ் எண்ணெய் ஆகியவற்றால் பூண்டின்றிச் சமைக்க இயலும். நுண்ணுயிர் ரென்னெட்டில் செய்த சீஸும் நம் நாட்டில் உண்டு.

கேட்டும் கிடையாவிடில் என் செய்வது? முனிவர் வெல்ல வேண்டிய 22 பரீஷகங்களுள் அலாபம் ஒன்று. அலாபமாவது கிடையாமை. ஆகாரம் கிடையாத நாளையும் கிடைத்த நாளைப்போல் கொள்வார் முனிவர். இல்லறத்தார்க்கு அத்துணை உறுதி அரிதெனினும், ஒரு வேளையேனும் அது கூடும். அன்று நாவிற்கு ஏமாற்றம் உண்டே தவிர, பாட்டியாரின் நோன்புக்கு யாதொரு குறையும் இல்லை. குறை நேர்ந்தது வேறிடத்தில்.

தட்டில் உள்ள கண்ணுக்குத் தோன்றா உயிர்க்கு இரங்கும் நாம், எதிரே அமர்ந்த மகனின் உள்ளத்தைச் சொல்லால் சுடலாமோ? கொல்லாமை நாவினால் உண்பதற்கு மட்டும் அன்று. நாவினால் சொல்வதற்கும் உரியது. கடிந்த சொல்லைக் கேட்டு வளரும் இளையோர் நோன்பை ஒரு சுமையாகக் கருதி நாளடைவில் கைவிடுவர். இன்முகத்தோடு ரொட்டியை உண்டு எழுந்த பாட்டியாரிடமோ அவர்கள் நோன்பின் இனிமையைக் கற்பர்.

அன்போடு அழைப்பவர்க்கு முறையைக் கற்பிப்போம். கிடைத்ததை மகிழ்ந்து உண்போம். கிடையாததைத் தவமாகக் கொள்வோம்.

வாழ்க அறம்! வளர்க அஹிம்சை!